மாலை தொடாத தோள்

அத்தியாயம் 17

லோஷினி பள்ளியில் வரைந்து கொண்டுவந்த படம் ஒரு வாரமாக ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. 'என் குடும்பம்' என்று தலைப்பு. அம்மா, பாட்டி, சித்தப்பா, தான் என எல்லாருக்கும் பழுப்பு வண்ணக்குச்சியைத் தேய்த்திருந்த குழந்தை, அப்பாவுக்கு மட்டும் இளஞ்சிவப்பை எடுத்திருந்தது. நீலக் கோட்டு. சிவப்பு டை.

குருபரன் உயிரோடிருந்தவரை கோட்டுப் போட்டவன் இல்லை.

சென்ற ஆண்டு, பூப்பந்து விளையாடப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியதும் எல்லாரும் முதலில் கேட்டது ஒரு படம். மலர்விழிக்குக் கேமராதான் பிழைப்பு. கணவனின் படங்கள் அவள் கணினியில் ஆயிரக்கணக்கில் கிடந்தன. அன்று அவளால் ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை.

கொழுந்தன் முகுந்தன்தான் தன் கைப்பேசியில் இருந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு கிள்ளான் டவுனில் ஏதோ ஒரு ஸ்டூடியோவுக்கு ஓடினான். ஜெர்சியில் நின்றிருந்த அண்ணன், சாயங்காலத்துக்குள் கோட்டும் டையுமாகச் சட்டத்துக்குள் வந்து சேர்ந்தான். முகமும் வெளுத்திருந்தது. சாவு வீட்டில் யாருக்கு அதெல்லாம் கண்ணில் படும்? கூடத்தில் மாட்டினார்கள். அது அப்படியே நின்றுவிட்டது.

அந்த மனிதரைத்தான் இப்போது லோஷினி அப்பா என்று வரைகிறாள்.

நாளை ஞாயிற்றுக்கிழமை முதலாண்டுத் திதி. இன்று காலையில் மலர்விழி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

"எங்க ஏறுற?" அடுப்படியிலிருந்து மாமியார் தனலெட்சுமியின் குரல் வந்தது.

"படத்தை எறக்குறேன் அத்தை."

"தொடைக்கவா?"

"லேப்புக்குக் கொண்டு போறேன். கலர் சரியில்ல."

தனலெட்சுமி கரண்டியோடு கூடத்துக்கு வந்தாள். "என்ன சரியில்ல? எம்புள்ள லட்சணமாத்தானே இருக்கான்."

"அவரு இந்தக் கலரா அத்தை?"

"இல்லதான். உசுரோட இருந்தப்ப எத்தன பேரு கருப்பு கருப்புன்னு சொன்னாங்க. பொண்ணு பார்க்கப் போன வீட்டுல, நம்ம காதுல விழுற மாதிரியே பேசினாங்க. போனப்புறமாச்சும் கொஞ்சம் செவப்பா இருந்துட்டுப் போறான். ஒனக்கு என்ன வந்துச்சு?"

"லோஷினி என்ன வரைஞ்சிருக்கான்னு பார்த்தீங்கல்ல?"

"அவ பூனைக்கு அஞ்சு காலு போடுறவ."

மலர்விழி படத்தின் மேலிருந்த பூச்சரத்தை எடுத்தாள். மாமியார் விடவில்லை.

"ஊர்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் பளபளன்னு ஆக்குறதுதானே ஒன் வேலை? எவன் எவனுக்கோ செய்யுற. கட்டுன புருஷன்னு வந்தா மட்டும் கருப்பாக்கணும்னு நிக்கிற."

கரண்டியால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கையிலிருந்த மல்லிகைச் சரம் ஒரு சாண்தான் இருக்கும். எப்போதும் இப்படித்தான். பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் நல்ல நீளமாக வாங்கிவந்து கொடுத்தாலும் மாமியார் அதை நறுக்கி, மிச்சத்தைச் சாமி படத்துக்குப் போட்டுவிடுவாள். குருபரன் தலைக்கு மேலே ஒரு சின்ன வளைவு, நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. அதோடு சரி. பெற்ற பிள்ளைக்குப் பூவில்கூடவா சிக்கனம் என்று மலர்விழி பல முறை மனத்துக்குள் கடிந்திருக்கிறாள்.

"எடுத்துக்கிட்டுப் போ," என்றாள் தனலெட்சுமி. "சாயங்காலம் வெளக்கு வைக்கறதுக்குள்ள இது இந்த ஆணியில இருக்கணும். வேற எதையாச்சும் கொண்டாந்து மாட்டினே, நாளைக்கு நான் படைக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்னால் செய்கிறவள் அவள்.

*

சுபாங் ஜெயாவில் மலர்விழி வேலை செய்யும் இடத்தில் சன்னல் கிடையாது. சுவரெல்லாம் சாம்பல் பூச்சு. கைப்பேசிக் கேமராக்கள் எடுக்கும் படத்தின் தரத்தைச் சோதித்துத் திருத்தும் கூடம் அது.

இயற்பியல் படித்த பெண் வாத்தியார் வேலைக்குத்தான் போவாள் என்று வீட்டில் நினைத்தார்கள். அவள் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் லென்ஸ் சோதிக்கப் போய், அங்கிருந்து படத்துக்குள் நுழைந்து, ஒளியும் நிறமும் கண்ணும் ஒன்றையொன்று எப்படி ஏமாற்றுகின்றன என்று படித்து, இங்கே வந்து சேர்ந்தாள்.

கோடு போட்ட அட்டையைப் படம் எடுத்தால் கூர்மை தெரியும். வண்ணக் கட்டம் போட்ட அட்டையை எடுத்தால் நிறம் தெரியும். முகத்துக்குத்தான் அட்டை கிடையாது. அதிலும் கருத்த முகம் என்றால் கேமரா தடுமாறிப்போகும். முகம் தெரிய வேண்டும் என்று ஒளியைக் கூட்டினால் பின்னால் இருக்கும் வானம் வெளுத்துவிடும். வானத்தைப் பார்த்து ஒளியைக் குறைத்தால் முகத்தில் மை அப்பிக்கொள்ளும்.

அதற்காக அவள் தேடிக் கண்டுபிடித்த அட்டைதான் குருபரன்.

கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது. துணி காயும் கொடிக்கு அடியில், கார் நிறுத்துமிடத்தில், ராத்திரிச் சந்தையின் விளக்கடியில் என்று அவனை நிறுத்தி எடுத்துக்கொண்டே இருப்பாள். நிறம் சரிபார்க்கும் சாம்பல் அட்டையை அவன் நெஞ்சோடு பிடித்தபடி, போலீஸ்காரர்கள் படம் எடுக்கும் கைதியைப் போல் நிற்பான்.

"மாடலுக்குக் கொடுக்குற காசு மிச்சம்னுதானே என்னைக் கட்டிக்கிட்டே?" என்பான்.

அவன் கன்னத்தில் கருவியை வைத்து அந்த நிறத்தை அளந்துகூட வைத்திருந்தாள். அவன் முகத்தை வைத்துத்தான் அவள் பெயர் வாங்கினாள். பிறகு மேலிடத்தில், முகம் இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக இருந்தால் நன்றாக விற்கும் என்றார்கள். அவளும் திரையில் வெளிச்ச அளவைக் காட்டும் கோட்டைக் கொஞ்சம் மேலே தள்ளினாள். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம். அத்தை சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"சனிக்கிழமை வந்திருக்கீங்க?" பக்கத்து மேசைச் சாத்தப்பன் தலையைத் தூக்கினார்.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"வீட்டுல ஏர்கோன் கெட்டுப்போச்சு லா. இங்க சும்மா உட்கார்ந்தாலும் குளிருது."

அவள் கோட்டுப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி ஸ்கேனரில் வைத்தாள். கோட்டைத் தொடப் போவதில்லை. முகத்தின் நிறத்தை மட்டும் திருப்பிவிட்டு அதே சட்டத்தில் போட்டுவிட்டால் மாமியாரின் பேச்சையும் மீறியதாகாது. அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

திரையில் பெரிதாக்கியதும் கை நின்றது.

மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. டையின் நிழல் இடப்பக்கம். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஸ்டூடியோக்காரர்கள் கைவசம் இருக்கும் ஏதாவது ஒரு கோட்டின் மேல் முகத்தை வெட்டி ஒட்டுவது வழக்கம்தான்.

ஆனால் ஒட்டு, சட்டைக் காலரில் இல்லை. தாடையோரமாகப் போயிருந்தது. அப்படியென்றால் கழுத்து?

கழுத்தின் இருட்டை மட்டும் கொஞ்சம் தூக்கினாள். ஸ்டூடியோக்காரர் தடவி மழுப்பிய இடத்துக்கு அடியிலிருந்து, தொண்டைக்குப் பக்கத்தில், மிளகு அளவில் ஒரு மச்சம் எழுந்து வந்தது.

குருபரனுக்குக் கழுத்தில் மச்சம் இல்லை.

அந்த மச்சம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். லோஷினி கைக்குழந்தையாக இருந்தபோது அதை விரலால் அழுத்துவாள். உடனே முகுந்தன் தலையைப் பின்னால் சாய்த்து, "டிங் டாங், யாரு வீட்ல?" என்பான். குழந்தை விழுந்து விழுந்து சிரிக்கும். சாப்பாட்டு மேசையில் அந்தக் கூத்து தினமும் நடக்கும்.

"யாரு, தெரிஞ்ச ஆளா?" சாத்தப்பன் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என் கொழுந்தன். அவரு தம்பி."

சாத்தப்பன் திரைக்குப் பக்கமாகக் குனிந்தார். "அப்போ அண்ணன் தலை, தம்பி உடம்பா? உசுரோட இருக்குற ஆளு படத்துக்கா ஒரு வருஷமா ஊதுபத்தி காட்டுறீங்க? எங்க வீட்டு ஆச்சி கேட்டாங்கன்னா மயக்கம் போட்டுடுவாங்க."

"தெரியாம செஞ்சிருப்பான்."

"தெரியாமத்தான். ஆனா உங்க வேலை சுலபமாச்சு பாருங்க. மாமியார்கிட்ட ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்களே ஸ்டூல் போட்டு ஏறி எறக்கிடுவாங்க."

உண்மைதான். ஒரே வார்த்தை. விளக்கு வைப்பதற்கு முன்பே படம் இறங்கிவிடும்.

அதற்குப் பிறகு என்ன ஆகும்? பங்குனியில் முகுந்தன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டானே, அது எதனால் என்று மாமியார் நினைக்க ஆரம்பிப்பாள். அவன் தும்மினால் பயப்படுவாள். அவனுக்கு இருமல் வந்தால் கோயிலுக்கு ஓடுவாள். முகுந்தன் இன்னும் மோசம். அண்ணன் போனது போதாதென்று, அன்றைக்குத் தான் செய்ததை நினைத்துக் குமைந்தே போவான். நல்ல கோட்டில் அண்ணன் கம்பீரமாக இருக்கட்டும் என்று, அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருப்பான் பாவம்.

மலர்விழி அந்தக் கோப்பை மூடினாள்.

"சொல்ல மாட்டேன் சாத்தப்பன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? அப்போ இந்தப் படம்?"

"இதைத் திருத்தி இனிமே மாட்ட முடியாது. வேற படம் கொண்டு போய்க் கேட்டுப் பார்க்குறேன்."

ஓராண்டுக்குப் பிறகு முதல் முறையாக அவள் கணவனின் படச் சேகரத்தைத் திறந்தாள்.

கொடிக்கு அடியில் குருபரன் நின்றிருந்தான். காலை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஏதோ சொல்ல வாயெடுத்தபடி. 'சீக்கிரம் எடு லா, தோசை ஆறுது.' அவன் அதைச் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. நெஞ்சில் சாம்பல் அட்டை. அட்டைக்கு மேலே வெட்டினாள். எந்த அழகுபடுத்தலும் இல்லாமல், அளந்து வைத்த நிறத்துக்கு நேர் செய்து, அச்செடுத்தாள்.

நிறம் பார்க்கும் ஒளிப் பெட்டிக்குள் பகல் வெளிச்ச விளக்கைப் போட்டு, படத்தை அதில் வைத்தாள். வந்துவிட்டான். நெற்றி கொஞ்சம் கூடுதலாகக் கருத்து, கன்னத்தில் செம்மண் ஓடி, உதட்டோரம் சற்று வெளிறி.

சாத்தப்பன் கோப்பி கலக்கப் போனார். வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தார்.

*

கிள்ளானுக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. தனலெட்சுமி கூடத்தில் குத்துவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லோஷினி தரையில் படுத்து ஏதோ தீட்டிக்கொண்டிருந்தாள்.

மலர்விழி சட்டத்தில் மறுபடி போட்டிருந்த கோட்டுப் படத்தைச் சுவரில் சாய்த்தாள். புதிய படத்தை மாமியாரிடம் நீட்டினாள்.

கூடத்தில் மஞ்சள் பல்பு. சாமி மேடையில் சிவப்பு பல்பு. அந்த வெளிச்சத்தில் புதிய படம் இருண்டு, சேறு பூசினாற்போல் போய்விட்டது. ஒளிப் பெட்டிக்குள் வந்து நின்ற ஆளைக் காணோம்.

"யாரும்மா இது?" என்றாள் தனலெட்சுமி. "சீக்காளி மாதிரி இருக்கான்."

மலர்விழிக்கு முகம் சுட்டது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு. படம் எங்கே பார்க்கப்படும் என்று முதலில் கேளுங்கள், பிறகு திருத்துங்கள். ஊருக்கெல்லாம் சொன்னவள், சொந்த வீட்டுக் கூடத்தில் என்ன பல்பு எரிகிறது என்று யோசிக்கவில்லை.

"அத்தை, இங்க வேணாம். வாசலுக்கு வாங்க."

"எதுக்கு?"

"வாங்களேன்."

கார் நிறுத்துமிடத்தில் இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. கோட்டுப் படத்தையும் தூக்கிக்கொண்டு போய், இரண்டையும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இப்பச் சொல்லுங்க. எது நல்லா இருக்கு?"

தனலெட்சுமி யோசிக்கவில்லை. கோட்டைக் காட்டினாள். "இதான்."

மலர்விழிக்குத் தோற்றுவிட்டது போலிருந்தது. அதோடு விட்டுவிடலாம் என்றுதான் குனிந்து புதிய படத்தை எடுக்கப் போனாள். அப்போதுதான் கேட்ட கேள்வி மனத்தில் உறுத்தியது. சோதனைக் கூடத்தில் இரண்டு படங்களை வைத்து ஆட்களிடம் கேட்பது அவள் அன்றாட வேலை. எது நல்லா இருக்கு என்று கேட்டால் ஒரு படத்தைக் காட்டுவார்கள். எது நிஜம் என்று கேட்டால் அதே ஆட்கள் மற்றதைக் காட்டுவார்கள்.

"அத்தை, இதுல எது குரு?"

தனலெட்சுமி மருமகளைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக்கு முன்னால் மெல்ல உட்கார்ந்தாள். புதிய படத்தை எடுத்து மடியில் வைத்து, முந்தானையால் ஒரு முறை துடைத்தாள். கட்டைவிரல் அவன் கன்னத்திலேயே நின்றது.

"இதுல கேள்வி வேறயா?" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "இது கேமராவுக்கு நிக்கிறப்ப எரிச்சல்பட்டு நிக்குறது. சின்னதுலயும் இப்படித்தான். கண்ணைச் சுருக்கிக்கிட்டு."

லோஷினி ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். தன் கையை நீட்டிப் படத்தின் பக்கத்தில் வைத்தாள். "அப்பா என் கலரு!"

"நீதாண்டி அப்பா கலரு," என்றாள் தனலெட்சுமி.

மலர்விழி மகளின் தலையைக் கோதினாள். "தெரிஞ்சும் ஏன் அத்தை அந்தப் படம்தான் வேணும்னு நின்னீங்க?"

மாமியார் கோட்டுப் படத்தை எடுத்து, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிச் சாய்த்தாள். லோஷினியை உள்ளே போய் வண்ணக்குச்சியை எடுத்து வைக்கச் சொன்னாள். குழந்தை கதவு வரைக்கும்தான் போனது.

"அன்னைக்கு முகுந்தன் எதை எடுத்துக்கிட்டு வீட்ட விட்டுப் போனான், ஒனக்குத் தெரியுமா? ஒனக்கு எங்க தெரியும், நீ நினைவில்லாம கெடந்தே. இன்டர்வியூவுக்குத் தச்ச கோட்டைக் கையில எடுத்துக்கிட்டுப் போனான். படத்தோட வந்தான். கோட்டை விடு. பெத்தவளுக்குத் தோளு தெரியாதா? குருவுக்கு அகலத் தோளு. சின்னவனுக்குச் சரிஞ்சு வரும்."

மலர்விழி நின்ற இடத்திலேயே குந்தினாள்.

நறுக்கின பூச்சரம். தலைக்கு மேலே அந்த ஒரு சாண் வளைவு. நெற்றிக்குக் கீழே எங்கும் படாத குங்குமம்.

"அதனாலதான் பூவை நறுக்குனீங்களா?"

"பின்ன? பூ அந்தத் தோள் மேல விழக்கூடாதுல்ல. மேல பெரியவன். கீழ சின்னவன். மேல உள்ளவனுக்குத்தான் பூவு. தினம் வெளக்கு வைக்கறப்ப சாமிகிட்டயும் சொல்லித்தான் வைப்பேன். கணக்கைக் குழப்பிக்காதேன்னு."

"எறக்கச் சொல்லியிருக்கலாமே."

"எறக்குனா ஏம்மான்னு கேப்பான். நான் என்ன சொல்ல? நீ செஞ்சது தப்புடான்னா? அவன் அன்னைக்கு இருந்த இருப்புக்கு, அண்ணனுக்குன்னு அவனால முடிஞ்சது அது ஒண்ணுதான். அதையும் தப்புன்னு சொன்னா அவன் தாங்க மாட்டான். எனக்கு இருக்குறது ஒருத்தன்."

மலர்விழி தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. கழுத்துல மச்சம் இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு வழியெல்லாம் நெனச்சுக்கிட்டே வந்தேன்."

"மச்சத்தைப் பார்க்க ஒனக்கு மிஷின் வேண்டியிருக்கு," என்றாள் தனலெட்சுமி. இருவருக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மற்றதும் வந்தது.

முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாமியார் எழுந்தாள். "ஆணியை வேற எடத்துல அடிக்கணும். கூடத்து வெளிச்சத்துல எம்புள்ள சேறாத் தெரியுறான். வாசக்கதவுக்கு எதுத்தாப்புல அடிச்சா காலை வெயிலு விழும். ஆனா சின்னவன்கிட்ட என்ன சொல்றது?"

"கலர் சரியில்லன்னு நான் மாத்திட்டேன்னு சொல்லுங்க. எனக்குக் கலர் பைத்தியம்னு அவனுக்கே தெரியும்."

"அது சரி. அதை நம்புவான்."

ஒரு வழியாகப் பேசி முடித்த நிம்மதியில் இருவரும் நிமிர்ந்தபோது, முகுந்தனின் கார் வாசலில் வந்து நின்றது.

அக்குளில் வாழையிலைக் கட்டோடு இறங்கினான். கையில், ஈரத்தாளில் சுற்றிய பெரிய ரோஜா மாலை தரையைத் தொட்டுவிடுவது போல் தொங்கியது.

"அம்மா, இந்தத் தடவை நீ நறுக்குனே, எனக்குக் கெட்ட கோபம் வரும் சொல்லிட்டேன். பிரிக்பீல்ட்ஸ்ல பக்கத்துலயே நின்னு கட்ட வெச்சேன். அண்ணனுக்கு நெஞ்சு வரைக்கும் விழணும். என்ன அண்ணி, ரெண்டு பேரும் வாசல்ல உட்கார்ந்து என்ன பண்றீங்க?"

மலர்விழி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது நாக்கில் தயாராக இருந்தது.

அதற்குள் கதவிடுக்கிலிருந்து லோஷினி பாய்ந்து வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"சித்தப்பா! அப்பா கோட்டைக் கழட்டிட்டாரு!"

முகுந்தன் சிரித்தான். சிரித்தபடியே அம்மாவின் கையிலிருந்த படத்தைப் பார்த்தான். கொடிக்கு அடியில், கழுத்து தெரிய, கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் அண்ணன். பிறகு, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த சட்டம் கண்ணில் பட்டது. அம்மாவைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். இரண்டு பேர் கண்களும் சிவந்திருந்தன.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

வாழையிலைக் கட்டு சரிந்து கீழே விழுந்தது. மாலையை விடாமல் ஒரு கை பிடித்திருக்க, இன்னொரு கை மெல்ல மேலே போய், சட்டைக் காலருக்குப் பக்கத்தில், அந்த மச்சத்தின் மேல் நின்றது.